பள்ளி ஆபீஸ் ஜெராக்ஸ் மெஷினுக்கு ஃபுல் சர்வீஸ் கான்ட்ராக்ட்: காப்பிக்கு 35 பைசா கட்டுமா?

நாமக்கல்_ரோலர் (கேள்வி)

வணக்கம். ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளி அலுவலகம். மெஷின் கியோசெரா டாஸ்கால்ஃபா 3010ஐ, கருப்பு வெள்ளை, செகண்ட்ஸில் வாங்கியது. இதுவரை கூப்பிட்டால் போய்ப் பார்ப்பேன். கூலி தனி, பார்ட்ஸ் தனி. இப்போது நிர்வாகம் ஒரு வருட ஒப்பந்தமாகப் போடச் சொல்கிறது. பேப்பர் மட்டும் அவர்களுடையது. டோனர் (மைத்தூள்), ட்ரம் (படம் பதியும் உருளை), ஃபியூசர் (தூளைச் சூட்டால் தாளில் ஒட்டவைக்கும் பாகம்), ரோலர், வேலை எல்லாம் என் தலையில். காப்பிக்கு 35 பைசா தருவதாகப் பேச்சு. மாதம் சராசரி 12,000 காப்பி ஓடும் என்கிறார்கள். கவுண்டர் (இதுவரை ஓடிய மொத்தக் காப்பி) 4,12,000 காட்டுகிறது.

கூலி மட்டும் வாங்கும் ஏஎம்சி (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) எனக்குப் பழக்கம். டோனரோடு சேர்த்து எடுப்பது இதுதான் முதல் தடவை. 35 பைசா கட்டுமா? ஒத்துக்கொள்வதற்கு முன் மெஷினில் என்னென்ன பார்க்க வேண்டும், எழுத்தில் என்ன போட வேண்டும்?

கவுண்டர்_கணக்கு

கட்டுமா கட்டாதா என்று சொல்ல நீங்கள் கொடுத்த தகவல் போதாது. இரண்டு எண்கள் வேண்டும்: கவரேஜ் (தாளில் கருப்பு விழும் பரப்பு) எத்தனை சதவீதம், மெயின்டனன்ஸ் கிட் (மொத்தமாக மாற்றும் தேய்மானப் பாகங்கள்) கடைசியாக எந்த கவுண்டரில் மாற்றியது. காப்பி எண்ணிக்கையை மட்டும் வைத்து ரேட் பேசுவதுதான் இந்தத் தொழிலில் நிறையப் பேர் கையைச் சுட்டுக்கொள்ளும் இடம்.

அந்த மாடலுக்கு டோனர் 20,000 பக்கம் என்று பெட்டியில் போட்டிருக்கும். அது ஏ4 தாளில் 6 சதவீதம் கருப்பு விழுந்தால் வரும் கணக்கு. ஒரு சாதாரண கடிதம் 5, 6 சதவீதம்தான். கட்டம் போட்ட மார்க் ஷீட், படம் போட்ட வினாத்தாள் எல்லாம் அதைத் தாண்டிவிடும். எல்லாவற்றிலும் மோசம் ஆதார் அட்டை காப்பி. சின்ன அட்டையைக் கண்ணாடியில் வைத்து, மூடியைத் திறந்தபடியே அடித்தால் அட்டையைச் சுற்றி மொத்தத் தாளும் கருப்பாக விழும். அப்படி ஒரு தாள் குடிக்கும் டோனரில் பத்துக் கடிதத்துக்கு மேல் அடிக்கலாம். ஜூன் மாத அட்மிஷனில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆதார், சாதிச் சான்றிதழ், டிசி என்று ஓடும் என்பதை மறக்க வேண்டாம்.

கவரேஜை ஊகிக்கத் தேவையில்லை. சர்வீஸ் ஸ்டேட்டஸ் பேஜ் எடுத்தால் காப்பிக்கு எவ்வளவு, பிரின்ட்டுக்கு எவ்வளவு, மொத்தச் சராசரி எவ்வளவு என்று மெஷினே சொல்லும். அதை எடுத்துப் போடுங்கள்.

கிட் விஷயம் இன்னும் பெரியது. இந்த மாடலில் ட்ரம், டெவலப்பர் (ட்ரம்மில் டோனரைப் பூசும் பாகம்), ஃபியூசர் எல்லாம் 6,00,000 பக்கத்துக்கு என்று கணக்கு வைத்த கிட்டாக வருகிறது. உங்கள் மெஷின் 4,12,000. கிட் இதுவரை மாற்றவில்லை என்றால் அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வேறு யாரோ ஓட்டித் தீர்த்துவிட்டார்கள். மாற்றும் செலவு மட்டும் உங்களிடம் வரும்.

ஃபியூசர்காரர்

ரேட் பிறகு. முதலில் மெஷினைப் பாருங்கள். கையெழுத்துப் போடுகிற நாளில் மெஷினில் இருக்கும் ஒவ்வொரு கோளாறும் மறுநாள் முதல் உங்கள் செலவு. அரை நாள் ஒதுக்கிப் போங்கள், கையில் 200 தாள், மீட்டர், ஸ்கேல்.

10871087 அழுத்தி மெயின்டனன்ஸ் மோடுக்குள் போய் யு000-வில் ஈவென்ட் லாக் எடுங்கள். கடைசியாக எந்தெந்த இடத்தில் ஜாம் ஆனது, எந்த சர்வீஸ் கோடு வந்தது, அப்போது கவுண்டர் என்ன என்று வரிசையாக இருக்கும். யு903-இல் ஜாம் எண்ணிக்கை, யு904-இல் சர்வீஸ் கால் எண்ணிக்கை. லாகில் இருக்கும் கவுண்டரும் இப்போது திரையில் காட்டும் கவுண்டரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா பாருங்கள். செகண்ட்ஸ் மெஷினில் கவுண்டர் குறைவாகக் காட்டி, லாகில் அதைவிடப் பெரிய எண் இருந்தால் விஷயம் புரிந்துவிடும். சி6000 வரிசையில் ஏதாவது பதிவாகியிருந்தால் அது ஃபியூசர் ஹீட் சம்பந்தப்பட்டது. ஒரு தடவை வந்து போனது என்று விட வேண்டாம். வெளியே வர யு001. மற்ற யு நம்பர்களை வெறுமனே நோண்டிப் பார்க்காதீர்கள்.

அடுத்து காப்பி. ஸ்டேட்டஸ் பேஜ் ஒன்று, கண்ணாடியில் வைத்து ஒன்று, மேலே ஏடிஎஃப் (தாளைத் தானாக இழுக்கும் பகுதி) வழியாக ஒன்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கோடு ஏடிஎஃப் காப்பியில் மட்டும் இருந்தால் இடது பக்க ஒடுக்கமான கண்ணாடியில் ஒரு துளி ஒயிட்னரோ கோந்தோ ஒட்டியிருக்கும், துடைத்தால் போயிற்று. கண்ணாடி, ஏடிஎஃப் இரண்டிலும் இருந்து ஸ்டேட்டஸ் பேஜில் இல்லாவிட்டால் ஸ்கேனர் பக்கம். மூன்றிலும் இருந்தால் என்ஜின் பக்கம், அதாவது ட்ரம், பிளேடு, சார்ஜ், டெவலப்பர், ஃபியூசர். செலவு அங்கேதான்.

புள்ளியோ தழும்போ ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் ஸ்கேலால் அளந்து 3.14-ஆல் வகுங்கள். வருவது அந்த ரோலரின் விட்டம். 94 மில்லிமீட்டருக்கு ஒரு தடவை என்றால் 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஏதோ ஒன்று. எது என்று சர்வீஸ் மேனுவலில் பார்த்துப் பிடித்துவிடலாம்.

ஒரு ஏ3 தாளில் முழுச் சாம்பல் நிறம் அடித்துப் பாருங்கள். எழுத்தில் தெரியாத பட்டை, ஒரு பக்கம் வெளுப்பு எல்லாம் அதில் தெரிந்துவிடும். வந்த சூட்டோடு கட்டைவிரலால் தேயுங்கள், மடித்து நகத்தால் கீறுங்கள். தூள் உதிர்ந்தால் ஃபியூசர் சூடோ அழுத்தமோ போதவில்லை. தாள் ஓரத்தில் சுருக்கம் விழுந்தால் பிரஷர் ரோலர்.

ஒவ்வொரு கேசட்டிலும் (தாள் தட்டு) 50 தாள், டூப்ளெக்ஸில் (இரு பக்கம் அடிப்பது) 20, பைபாஸில் (பக்கவாட்டுத் தட்டு) 10 ஓட்டிப் பாருங்கள். ஏறாமல் நின்றால் தாளை எடுக்கும் பிக்கப் ரோலரை ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். வெள்ளைத் தூசி வந்து, அதன்பின் ஒழுங்காக எடுத்தால் அது பேப்பர் தூசிதான். துடைத்தும் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தால் ரோலர் போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

கடைசியாக பிளக் பாயின்ட். ஃபியூசர் சூடேறும்போது கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். 5 ஆம்ப்ஸ் எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ, கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸிலோ மாட்டியிருந்தால் அதை அவர்கள் மாற்றிய பிறகுதான் கையெழுத்து. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள். போர்டு போவதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

நாமக்கல்_ரோலர்

பார்த்துவிட்டேன். கவரேஜ் மொத்தச் சராசரி 9 சதவீதம். மெயின்டனன்ஸ் கவுண்டரும் 4,12,000-ஐ ஒட்டியே இருக்கிறது, கிட் மாற்றியதே இல்லை போல. லாகில் கவுண்டர்கள் ஒத்துப்போகின்றன. சி கோடு எதுவும் இல்லை. இரண்டாவது கேசட் பிக்கப் ரோலர் தேய்ந்துவிட்டது. ஏடிஎஃப் காப்பியில் மெல்லிய கோடு இருந்தது, துடைத்ததும் போய்விட்டது. சாம்பல் தாள் பரவாயில்லை. பிளக் 15 ஆம்ப்ஸ்தான், ஆனால் எர்த் 7 வோல்ட் காட்டுகிறது.

பில் புத்தகத்தில் போன வருடக் கவுண்டர் இருந்தது. காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வு மாதங்கள் மூன்றிலும் தலா 22,000. மே மாதம் 2,000. மற்ற எட்டு மாதமும் 9,500 சுமார்.

இன்னொன்று: டோனர் பவுடர் ஊற்றி ஓட்டலாமா? பாதி விலைக்குள் முடிகிறது.

கவுண்டர்_கணக்கு

இப்போது கணக்குப் போடலாம். விலையெல்லாம் நான் ஒரு பேச்சுக்கு வைக்கிறேன், உங்கள் டீலர் இன்று சொல்வதைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

டோனர் 3,000 ரூபாய் என்று வைப்போம். பெட்டிக் கணக்கில் 20,000 பக்கம், காப்பிக்கு 15 பைசா. உங்கள் கவரேஜ் 9 சதவீதம், ஆக 20,000 பெருக்கல் 6 வகுத்தல் 9, கிடைப்பது 13,333 பக்கம். காப்பிக்கு 22.5 பைசா.

கிட் 36,000 ரூபாய் என்று வைத்தால் 6,00,000-க்கு 6 பைசா. ரோலர், சில்லறைப் பார்ட்ஸுக்கு 2 பைசா ஒதுக்குங்கள். ஆகப் பொருளுக்கு மட்டும் 30.5 பைசா.

மாதம் இரண்டு தடவை போய்வர பெட்ரோல் 600, உங்கள் நேரத்துக்கு 1,500. மொத்தம் 2,100. அதை 12,000 காப்பியில் பரப்பினால் 17.5 பைசா. எல்லாம் சேர்த்து 48 பைசா அடக்கம்.

அவர்கள் சொல்லும் 35 பைசாவுக்கு வருடம் 1,44,000 காப்பி ஓடினால் வருவது 50,400 ரூபாய். அதில் பொருளுக்கே 43,920 போய்விடும். மீதி 6,480, மாதம் 540. பெட்ரோலுக்கே 60 ரூபாய் கைக்காசு போட வேண்டும். எனவே 35 கட்டாது.

ஆனால் 48 பைசா என்று ஒரே ரேட்டாக வாங்குவதும் தப்பு. மே மாதம் 2,000 காப்பிக்கு 960 ரூபாய் வரும், உங்கள் நிலையான செலவு 2,100. அதனால் இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள்: மாதம் 2,100 நிலைக் கட்டணம், அதோடு ஓடிய ஒவ்வொரு காப்பிக்கும் 31 பைசா. ஓடினாலும் ஓடாவிட்டாலும் நஷ்டமில்லை.

கிட் 6 பைசா என்று எழுதியதில் ஒரு பொறி இருக்கிறது. வருடக் கடைசியில் கவுண்டர் 5,56,000 வரும், கிட் எல்லைக்கு இன்னும் 44,000 பாக்கி. முதல் வருடம் தப்பிக்கலாம். தப்பாமல் நடுவில் டெவலப்பரோ ட்ரம்மோ விழுந்தால், 36,000-ஐ அந்த ஒரு வருட 1,44,000 காப்பியில் பரப்பிப் பாருங்கள், காப்பிக்கு 25 பைசா ஆகிவிடும். ஒப்பந்தம் புதுப்பித்தாலோ, நான்கைந்து மாதத்தில் கிட் வந்தே தீரும். எனவே முதல் நாள் கவுண்டரை வைத்துப் பங்கு பிரித்து எழுதுங்கள். 6,00,000-இல் 4,12,000 அவர்கள் ஓட்டியது. 36,000-இல் அவர்கள் பங்கு 24,720, உங்கள் பங்கு 11,280. இதை வருடக் கடைசியில் பேசினால் எந்தக் கரஸ்பாண்டன்ட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். முதல் நாள் பேசினால் நியாயம் என்று அவருக்கே தெரியும்.

ஃபியூசர்காரர்

பவுடர் பற்றி. மற்ற மெஷினில் எப்படியோ, இந்த வகை கியோசெராவில் வேண்டாம். ட்ரம் அமார்ஃபஸ் சிலிக்கான். கடினமானது, அதனால்தான் லட்சக்கணக்கில் ஓடுகிறது. அதன் மேல்பரப்பில் சார்ஜினால் படியும் படலத்தைத் தேய்த்து எடுக்க, கம்பெனி டோனரிலேயே மெருகேற்றும் நுண்துகள் கலந்திருக்கும். கண்ட பவுடரில் அது இருக்காது, அல்லது அளவு தப்பும். படலம் ஈரத்தை இழுக்கும், எழுத்து தண்ணீர் பட்ட மாதிரி கரையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காலை முதல் காப்பிகளில் இது தெரியும். உடனே ட்ரம்மை மாற்றாதீர்கள். மெனுவில் ட்ரம் ரிஃப்ரெஷ் இருக்கிறது, ஓரிரு தடவை ஓடவிட்டாலே பெரும்பாலும் தெளிந்துவிடும். ஓடியும் தெளியாவிட்டால்தான் யோசிக்க வேண்டும்.

பவுடரில் 10 பைசா மிச்சம் பிடித்து ட்ரம், டெவலப்பர் இரண்டையும் முன்கூட்டியே வாங்கினால், ஃபுல் சர்வீஸில் அதை யார் தலையில் கட்டுவீர்கள்? கூலி மட்டும் வாங்கும் ஏஎம்சியில் அது பார்ட்டியின் பாடு. இங்கே உங்கள் பாடு. தரமான கம்பேட்டிபிள் கார்ட்ரிட்ஜ் (வேறு கம்பெனி செய்தது) பார்க்கலாம், ஆனால் வேஸ்ட் டோனர் பாக்ஸ் எத்தனை காப்பியில் நிறைகிறது என்று எழுதி வையுங்கள். முன்பைவிடச் சீக்கிரம் நிறைந்தால் போட்ட டோனரில் பெரும்பங்கு தாளில் ஏறாமல் குப்பைக்குப் போகிறது என்று அர்த்தம்.

டோனர் செலவைக் குறைக்க நேர்வழி கவரேஜைக் குறைப்பதுதான். ஆதாருக்கு ஐடி கார்டு காப்பி அல்லது பார்டர் எரேஸ் (ஓரக் கருப்பை அழிப்பது) பட்டனை புரோகிராமில் சேமித்து, ஆபீஸ் உதவியாளருக்கு ஒரு தடவை காட்டிவிடுங்கள். மூடியை மூடச் சொல்லி ஒரு காகிதம் ஒட்டுங்கள். ஆபீஸ் உள்சுற்றுக்கான பிரின்ட்டுக்கு எக்கோ பிரின்ட் (டோனரைக் குறைத்து அடிப்பது). வினாத்தாளுக்கு மட்டும் வேண்டாம், பின்ன எண்களும் புள்ளிகளும் மங்கி பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள்.

பேப்பர் அவர்களுடையது என்பதும் உங்களுக்குச் செலவுதான். டிஎன்பிஎல் மாதிரி ஓரளவு நல்ல 70 முதல் 80 ஜிஎஸ்எம் (தாளின் எடை அளவு) காப்பியர் பேப்பர் என்று எழுதிவிடுங்கள். மலிவுத் தாளின் தூசியில் பிக்கப் ரோலர் பாதி ஆயுளில் போகும். பிரித்த ரீமை மழைக்காலத்தில் திறந்து போட்டால் ஈரம் ஏறி, ஃபியூசரில் சுருண்டு, டூப்ளெக்ஸில் மாட்டும். அந்தச் சுருண்ட தாளைத் திருப்பிப் போட்டால் பலசமயம் போகும், ஆனால் அது வைத்தியம் ஆகாது.

மதுரை_பழைய_டெவலப்பர்

கவுண்டர்_கணக்கு சொன்னதில் ஒன்று மட்டும் ஒப்பவில்லை. பள்ளி நிர்வாகம் நிலைக் கட்டணம், காப்பிக் கட்டணம் என்று இரண்டு வரி பார்த்தால் எதற்கு இரண்டு என்று கேட்கும். ஒரே ரேட்டாக 50 பைசா வையுங்கள், மூன்று மாதத்துக்குக் குறைந்தபட்சம் 24,000 காப்பி என்று போடுங்கள். ஏப்ரல், மே, ஜூன் சேர்த்து உங்களுக்கு 21,000தான் ஓடும், குறைந்தபட்சத்தால் 12,000 ரூபாய் வரும். மற்ற மூன்று காலாண்டும் தலா 41,000, ஒவ்வொன்றுக்கும் 20,500. வருடம் 73,500. அடக்கம் 69,120. மாதக் கணக்காக வைத்தால் மே மாத பில்லில்தான் சண்டை வரும், காலாண்டாக வைத்தால் அது அடங்கிப் போகும்.

எழுத்தில் இவை இருக்கட்டும். பெரிய வக்கீல் பாஷை வேண்டாம், இப்படியே எழுதலாம்:

"ஒப்பந்தத் தொடக்கக் கவுண்டர் 4,12,___. ஏ4, லீகல் ஒரு பக்கம் ஒரு காப்பி. ஏ3 ஒரு பக்கம் இரண்டு காப்பி. இரு பக்கமும் அடித்தால் இரட்டிப்பு. சர்வீஸ் சோதனைக் காப்பிகள் சர்வீஸ் ஸ்லிப்பில் எழுதிக் கழிக்கப்படும். மாதக் கடைசி வேலை நாளில் ஸ்டேட்டஸ் பேஜில் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும்.

கட்டணத்தில் அடங்குபவை: டோனர், மின்சாரக் கோளாறு அல்லாத காரணத்தால் தேயும் ரோலர், பிளேடு, ஃபியூசர் பாகங்கள், வேலைக் கூலி. மெயின்டனன்ஸ் கிட் மாற்றும்போது அதன் விலையில் தொடக்கக் கவுண்டர் வரையிலான பங்கு பள்ளியைச் சேரும்.

அடங்காதவை: மெயின் போர்டு, பவர் போர்டு, ஸ்கேனர் கண்ணாடி, இடி, மின்னழுத்தம், எலிக்கடி, பல்லி, பூச்சி, தண்ணீர் ஆகியவற்றால் வரும் சேதம், ஸ்டேப்ளர் பின்னோடு தாளைச் செலுத்தியதால் வரும் சேதம், இன்க்ஜெட் போட்டோ பேப்பர், ஸ்டிக்கர், ஓஎச்பி தாளால் வரும் சேதம், மெஷினை வேறு அறைக்கு மாற்றியதால் வரும் கோளாறு."

இன்க்ஜெட் போட்டோ பேப்பரைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. அதன் மேல்பூச்சு ஃபியூசர் சூட்டில் உருகி ரோலரில் சுற்றிக்கொள்ளும். ஐடி கார்டு அடிக்கிறேன் என்று யாராவது ஒரு தாள் விட்டால் போதும், ஃபியூசர் காலி. பைபாஸ் ட்ரேயின் மேல் ஸ்டிக்கரே ஒட்டிவிடுங்கள்.

வரும் நேரத்தையும் கவனமாக எழுதுங்கள். "உடனடியாக" என்ற சொல்லே வரக்கூடாது. காலை 11 மணிக்குள் சொன்னால் அன்றே, பிறகு சொன்னால் அடுத்த வேலை நாள். மாற்று மெஷின் தருவதாக ஒரே ஒரு மெஷின் ஒப்பந்தத்தில் ஒத்துக்கொள்ளாதீர்கள். தேர்வு மாதத்துக்கு 10 நாள் முன்னால் ஒரு முழு சர்வீஸ் நீங்களே போய்ச் செய்தால் அந்தப் பேச்சே வராது. அப்போது பிக்கப் ரோலர் செட் ஒன்று, டோனர் ஒன்று பள்ளியிலேயே சீல் உடைக்காமல் இருக்கட்டும். அந்த டோனர் உங்கள் சொத்து, ஒப்பந்தம் முடிந்தால் திரும்ப வரும் என்றும் ஒரு வரி.

வரி பற்றி: ஜிஎஸ்டி பதிவு உங்களுக்கு இருந்தால் 18 சதவீதம் தனி என்று ரேட்டுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். பின்னால் சொன்னால் உள்ளடக்கம் என்பார்கள். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்துக்குள் என்றால் பதிவு கட்டாயமில்லை. பதிவு இல்லாமல் பில்லில் ஜிஎஸ்டி போடவும் கூடாது. டிடிஎஸ் (பணம் தருபவர் பிடிக்கும் வருமான வரி), தனிநபருக்கு ஒப்பந்த வேலையில் 1 சதவீதம், ஒரு பில் 30,000 ரூபாயையோ வருட மொத்தம் 1,00,000 ரூபாயையோ தாண்டினால்தான். இந்த ஒப்பந்தம் மட்டும் என்றால் தாண்டாது. பான் நம்பரைக் கொடுத்து வைத்துவிடுங்கள், இல்லாமல் பிடித்தால் 20 சதவீதம்.

போர்ட்_9100

யாரும் நெட்வொர்க் பக்கம் போகவில்லையே. மெஷின் நன்றாக இருக்கும்போதே பாதி கால் அங்கிருந்துதான் வரும், காப்பி ஒன்றும் ஓடாது, பெட்ரோல் மட்டும் போகும்.

முதல் வருகையிலேயே மூன்று வேலை முடித்துவிடுங்கள். ரௌட்டரில் மெஷினுக்கு ஐபி ரிசர்வேஷன் (மாறாத நெட்வொர்க் முகவரி). ரௌட்டர் மாற்றினாலோ கரண்ட் போய் வந்தாலோ வேறு ஐபி வாங்கிக்கொண்டு "பிரின்டர் ஆஃப்லைன்" என்று வரும். அடுத்து எல்லாக் கம்ப்யூட்டரிலும் விண்டோஸ் தானாகப் போட்ட டபிள்யூஎஸ்டி போர்ட்டை (பிரின்டர் இணைப்பு வழி) எடுத்துவிட்டு ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட். மூன்றாவது ஸ்கேன்.

ஃபோல்டருக்கு ஸ்கேன் போகவில்லை என்ற புகார் பெரும்பாலும் காப்பியர் கோளாறு அல்ல. அந்தக் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டை மாற்றியிருப்பார்கள், அல்லது விண்டோஸ் அப்டேட் ஆகியிருக்கும். விண்டோஸ் 10-இல் 1709 பதிப்பிலிருந்தே எஸ்எம்பி1 (ஃபோல்டர் பகிர்வின் பழைய முறை) தானாக வருவதில்லை. விண்டோஸ் 11-இன் 24எச்2-வில் எஸ்எம்பி சைனிங் (பகிர்வில் கையொப்பச் சரிபார்ப்பு) பெரும்பாலும் கட்டாயமாகிவிட்டது, அதைத் தெரியாத பழைய காப்பியர் இணைய முடியாமல் நிற்கும். இதற்காகப் பாதுகாப்பை அணைத்துவிட்டு வராதீர்கள். ஸ்கேனுக்கென்று தனி யூசர், பாஸ்வேர்டு காலாவதியாகாமல். அதுவும் ஒத்துவரவில்லை என்றால் ஒரு கம்ப்யூட்டரில் சின்ன எஃப்டிபி சர்வர் (ஃபைலை வாங்கி வைக்கும் புரோகிராம்), அல்லது யுஎஸ்பி பென் டிரைவில் ஸ்கேன்.

ஒப்பந்தத்தில்: "கம்ப்யூட்டர், டிரைவர், நெட்வொர்க் தொடர்பான அழைப்பு காலாண்டுக்கு ஒன்று இலவசம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம்." ஒன்றுமே இலவசம் இல்லை என்றால் முகம் கோணுவார்கள். அளவில்லாமல் விட்டால் ஆபீஸின் கம்ப்யூட்டர் மெக்கானிக் நீங்கள்தான்.

நாமக்கல்_ரோலர்

எல்லோருக்கும் நன்றி. டீலரிடம் விலை வாங்கிவிட்டேன். டோனர் நீங்கள் வைத்ததைவிடச் சற்றுக் கூடுதல், அதைப் போட்டால் அடக்கம் 50 பைசாவைத் தொடுகிறது. 54 பைசா, காலாண்டுக்குக் குறைந்தபட்சம் 24,000 காப்பி, கிட் பங்கு தனி என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன். அவர்கள் 45-க்கு இறங்கச் சொன்னால்?

கவுண்டர்_கணக்கு

அப்போது ரேட்டைக் குறைக்காதீர்கள், பொருளைக் குறையுங்கள். டோனரை அவர்களே வாங்கட்டும், எந்த டோனர் என்று நீங்கள் சொல்லுங்கள். உங்களிடம் பார்ட்ஸும் வேலையும் மட்டும் இருக்கட்டும். கவரேஜ் ஏறினாலும் இறங்கினாலும் அப்போது அவர்கள் கவலை, ஆதார் காப்பிக்கு மூடியையும் அவர்களே மூடிக்கொள்வார்கள். கிட் பங்கு வரியை மட்டும் எந்த ரேட்டிலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஃபியூசர்காரர்

எர்த் 7 வோல்ட் என்றீர்களே. அதைச் சரிசெய்து, மறுபடி மீட்டர் வைத்து, வந்த எண்ணைத் தொடக்கக் கவுண்டருக்குக் கீழேயே எழுதி வாங்குங்கள். இரண்டாவது கேசட் ரோலரையும் பழைய முறையிலேயே பில் போட்டு இப்போதே மாற்றிவிடுங்கள். ஒப்பந்தம் அதற்கு மறுநாள் தேதியில் தொடங்கட்டும்.